எல்லோருக்கும் தெரிந்த மெட்டு

ஓரின் டட்டில் தன் வாழ்நாளில் முதன்முதலாகச் சமைத்தது லெஸ்டர் ஹாக் இறந்த வாரத்தில்தான். உருளைக்கிழங்கை வட்டம் வட்டமாக நறுக்கி, மேலே சீஸைக் கொட்டி, ஓவனில் வைத்து எடுத்த ஒரு கண்ணாடித் தட்டு. அதைக் கோயில் பிரசாதம்போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, அடக்கம் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்த தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்துக்கு வந்தார். மேலே கருகி, உள்ளே வேகாமல் இருந்தது. பாதிரியார் மட்டும் கடமைக்கு ஒரு கரண்டி எடுத்துக்கொண்டார்.

எங்கள் ஊரில் சாவு வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவர்கள் பாத்திரத்தின் அடியில் ஒரு துண்டு டேப் ஒட்டிப் பெயர் எழுதிவிடுவார்கள். வீட்டுக்காரி துக்கம் கொஞ்சம் ஆறியதும் ஒவ்வொன்றாகக் கழுவி, வீடு வீடாகத் திருப்பித் தருவாள். ஓரின் தன் பெயரை மட்டுமல்ல, முகவரியையும் தொலைபேசி எண்ணையும் சேர்த்து எழுதியிருந்தார். லெஸ்டரின் மனைவி ஆர்லீனுக்கு அவர் வீடு தெரியாதா என்ன. நடுவில் இரண்டு தெருதான்.

"என்ன ஓரின், தட்டு ஓடிப்போயிடும்னு பயமா?" என்று கேட்டேன்.

"என் வில்மாவோட தட்டு, தெல்மா. ஆர்லீன் இதுக்காக அலைய வேண்டாம். நானே ஒரு நாள் போய் வாங்கிக்கிறேன்."

போய் வாங்குகிற சாக்கில் இன்னொன்றையும் கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரியும். அந்த அறையில் பழைய புத்தகம் சேர்க்கிறவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள், அவர்களுக்கும் தெரியும். எங்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சேர்க்கிறவன் ஒருவன் போய்விட்டால், சாப்பாட்டுப் பாத்திரங்கள் எல்லாம் அவரவர் வீடு திரும்பும்வரை அவன் மனைவியிடம் புத்தகப் பேச்சு எடுக்கக்கூடாது. ஓரின் சட்டத்தை மீறுகிறவர் அல்ல. அதனால்தான் ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்து வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருக்க ஆரம்பித்தார்.

நான் ஆற்றங்கரைத் தெருவில் பழைய புத்தகக் கடை வைத்திருக்கிறேன். ஒஹையோ ஆறு பெருகும் வருடங்களில் கீழ் அலமாரிகளைக் காலி செய்துவிட்டு மாடியில் வியாபாரம் பண்ணுவேன். ஓரினும் லெஸ்டரும் சனிக்கிழமைதோறும் கடைக்கு வருவார்கள், காபி குடிப்பார்கள், ஒருவரை ஒருவர் வாருவார்கள், ஒன்றும் வாங்காமல் போவார்கள். ஓரின் மின்கம்பத்தில் ஏறி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லெஸ்டர் மருந்துக்கடை வைத்திருந்தவர். இரண்டு பேருக்கும் பொதுவானது ஒரே பைத்தியம்: நூற்றைம்பது வருடங்களுக்கு முந்தைய பாட்டுப் புத்தகங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னச் சின்னப் புத்தகங்கள் அவை. சந்தையிலும் படகுத்துறையிலும் கூவி விற்பார்கள். பாடிப் பாடிக் கிழித்துவிட்டு, மிச்சத்தை அடுப்பில் போடுவார்கள். இசைக்குறிப்பு எதுவும் இருக்காது, வார்த்தைகள் மட்டும்தான். தலைப்பின் கீழே இன்ன மெட்டு என்று ஒரு வரி இருக்கும். யாரும் பத்திரப்படுத்தவே நினைக்காத பொருள் என்பதால்தான் இன்று அகப்படுவதில்லை.

இவர்கள் சண்டையின் கதை ஊரறிந்தது. ஆற்றுக்கு மேலே ஒரு பழைய பண்ணை வீட்டை ஏலம் விட்டார்கள். அங்கெல்லாம் சாமான்களைத் தனித்தனியாக விற்க மாட்டார்கள். அட்டைப்பெட்டியில் அள்ளிப் போட்டு, பெட்டி பெட்டியாக ஏலம் போகும். ஓரின் ஒரு பெட்டி எடுத்தார், லெஸ்டர் ஒன்று. அதுவரை இருவரும் நின்று பேசியதுகூடக் கிடையாது. வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் கொட்டிப் பார்த்தால், லெஸ்டரிடம் ஒரு பாட்டுப் புத்தகத்தின் முன்பாதி. ஓரினிடம் அதே புத்தகத்தின் பின்பாதி. தையல் நூல் இற்று என்றைக்கோ இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஏலக்காரன் பார்க்காமல் ஆளுக்கொரு பெட்டியில் போட்டிருக்கிறான். பக்கத்து ஊர் அச்சகம் ஒன்று போட்ட புத்தகம். நாட்டில் எந்த நூலகத்திலும் இன்னொரு பிரதி இருப்பதாகத் தெரியவில்லை.

அன்றிலிருந்து முப்பது வருடம். உன் பாதியைக் கொடு என்று அவர், முடியாது உன்னுடையதைக் கொடு என்று இவர். ஒரு போட்டோ எடுத்துப் பரிமாறிக்கொண்டால் முடிகிற காரியம் என்று வெளியாட்கள் சொல்வார்கள். அவர்களுக்கு இந்த நோய் தெரியாது. இவன் பாதியில் என்ன இருக்கிறது என்று அவன் படித்துவிட்டால், அப்புறம் அவனுக்கு ஏக்கம் போய்விடும். ஏக்கம் போனால் கொடுக்கவும் மாட்டான். அதனால் இருவரும் தத்தம் பாதியை மற்றவர் கண்ணில் காட்டியதே இல்லை. இதில் கொடுமை என்னவென்றால், இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரு பாட்டு அறுந்து நிற்கிறது. தலைப்பும் தொடக்கமும் லெஸ்டரிடம், முடிவு ஓரினிடம். அது வேடிக்கைப் பாட்டு என்பார் லெஸ்டர். உன் மூஞ்சி, கல் நெஞ்சையும் கரைக்கிற சோகப் பாட்டு என்பார் ஓரின். என் கடையில் எத்தனை சனிக்கிழமை இதைக் கேட்டிருப்பேன்.

ஆறு வருடங்களுக்கு முன் ஓரினின் மனைவி வில்மா இறந்தாள். அதற்குப் பிறகு ஓரின் இறங்கி வந்தார். "எவ்வளவு காலம்தான் இழுக்கிறது, வா, என்ன வேணும்னு சொல்லு" என்று அவரே லெஸ்டரிடம் கேட்டார். லெஸ்டர் கொஞ்சமும் வெட்கமில்லாமல், "உன் டிராக்டரக் குடு" என்றார். அடுத்த வாரம் மீன்பிடிப் படகைக் கேட்டார். அதற்கடுத்து, ஓரினின் சேகரிப்பு முழுவதையும். எனக்கே பொறுக்கவில்லை. மனைவியை இழந்த மனுஷனிடம் இப்படியா பேசுவது என்று ஒரு நாள் லெஸ்டரைக் கடையில் வைத்தே திட்டிவிட்டேன். அவர் காபிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நான் கஞ்சப் பிசினாரிதான் தெல்மா. இப்பதான் தெரியுமா உனக்கு?" என்று மட்டும் சொன்னார்.

அடக்கம் முடிந்து இரண்டாவது வாரம் ஆர்லீன் கூப்பிட்டாள். போனேன். சமையலறை மேசை முழுவதும் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள். ஓரினின் தட்டு தனியாக ஓரத்தில் இருந்தது. கருகலைச் சுரண்டிச் சுரண்டி அவள் கை சிவந்திருந்தது. என்னை உட்காரவைத்து, ஒரு பழுப்பு உறையை நீட்டினாள்.

"இதப் பிடி. லெஸ்டர் உன்கிட்ட குடுக்கச் சொன்னாரு. என்ன பண்ணணுமோ அவ பண்ணுவான்னாரு."

முன்பாதி. முப்பது வருடத்தில் நான் அதை முதன்முதலாகப் பார்க்கிறேன். கடைசிப் பக்கத்துக்குப் போனேன். பாட்டின் தலைப்பு 'கிழவனும் டார்க்கஸும்'. கீழே, மெட்டு: எல்லோருக்கும் தெரிந்தது. சிரிப்பு வந்தது. அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்த மெட்டு இன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது.

வாளி நிறையப் பால்கறந்தால் காலால் உதைத்துக் கவிழ்த்திடுவாள்;
வேலி எத்தனை போட்டாலும் ஒவ்வொன்றாகத் தாண்டிடுவாள்.

இப்படியே போகிறது. டார்க்கஸ் ஒரு பசு. கிழவன் அவளைத் திட்டுகிறான், விற்கச் சந்தைக்கு ஓட்டிப்போகிறான், அவன் தொப்பியை அவள் தின்றுவிடுகிறாள். லெஸ்டர் சொன்னது சரிதான், நல்ல வேடிக்கைப் பாட்டு. பக்கத்தின் அடியில் புதிதாக ஒரு கண்ணி தொடங்கி, இரண்டே வரியில் பக்கம் முடிந்துவிடுகிறது:

கிழவன் படுத்தான், எழவில்லை; குன்றின் மேலே புதைத்தார்கள்;
பழகிய மாட்டிடம் இச்சேதி போய்ச்சொல்ல எவரும் எண்ணவில்லை.

அதற்கும் கீழே, வலது மூலையில், ஒற்றைச் சொல்: 'வேலியோரம்'. பழைய அச்சகத்தார் சிலருக்கு அப்படி ஒரு வழக்கம் உண்டு. தாள்கள் முறை மாறிவிடாமல் இருக்க, அடுத்த பக்கத்தின் முதல் சொல்லை இந்தப் பக்கத்தின் மூலையில் அச்சடித்துவைப்பார்கள்.

வேலியோரம். அந்தச் சொல்லில் தொடங்கும் இரண்டு வரி எனக்கு மனப்பாடம். ஊரில் எல்லோருக்கும்தான். குன்றின்மேல் வில்மாவின் கல்லறையில், சாம்பல்நிறக் கல்லில், ஓரின் அதைச் செதுக்கிவைத்திருக்கிறார்:

வேலியோரம் நிற்கின்றாள், வெயில் சாயும் வேளையிலே;
யார் நடந்து வந்தாலும் தலைநிமிர்ந்து பார்க்கின்றாள்.

"லெஸ்டருக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"கல்லு நட்ட அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு," என்றாள் ஆர்லீன். "நான் கையப் பிடிச்சுட்டு நிக்கறேன், கை அப்படியே விறைச்சுப்போச்சு. வீட்டுக்கு வந்து கார விட்டு எறங்கல. போய்ப் பாத்தா சிரிக்கறாரு. கொஞ்ச நேரத்துல பாத்தா அழறாரு. 'பாவி, பொண்டாட்டி கல்லுல மாட்டுப் பாட்டப் போட்டுட்டான் ஆர்லீன். இனிமே இந்தப் பாதிய அவன் கண்ணுல காட்டவே கூடாது'ன்னாரு."

"அப்போ டிராக்டர் கேட்டது?"

"தரமாட்டான்னு தெரிஞ்சதா தேடித் தேடிக் கேட்டாரு. படகக் கேட்டப்ப ஓரின் கொஞ்சம் யோசிச்சான் பாரு, அன்னிக்கு இவருக்கு ராத்திரி தூக்கமே இல்ல."

நான் அவரைத் திட்டியதும், அவர் கோப்பையைச் சுற்றியதும் நினைவுக்கு வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எரிச்சிருக்கலாமே" என்றேன்.

"லெஸ்டரா?" என்றாள் ஆர்லீன். நானும் பதில் எதிர்பார்த்துக் கேட்கவில்லை.

உறையைக் கடைக்குக் கொண்டுவந்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். மூன்று நாள் அதைத் தவிர வேறு நினைப்பில்லை. கொடுத்தால், ஞாயிறுதோறும் பூ வைக்கப் போகிற ஒரு மனிதன் தன் மனைவியின் தலைமாட்டில் ஒரு பசுவைப் பற்றிய வரியைப் படித்துக்கொண்டு நிற்க வேண்டும். கொடுக்காவிட்டால், எழுபத்தெட்டு வயதில் அவர் ஆசைப்பட்டுக் காத்திருக்கும் ஒரே பொருளை நான் ஒளித்துவைத்திருக்கிறேன். தொலைந்துபோயிற்று என்று சொல்லிவிடலாமா? நூலகத்துக்குக் கொடுத்தால் ஒரே மாதத்தில் கணினியில் ஏற்றிவிடுவார்கள். முதலில் பார்ப்பது அவராகத்தான் இருக்கும். கடைசித் தாளை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொடுத்தால் என்ன என்றும் தோன்றியது. கத்தியைக்கூட எடுத்துவிட்டேன். தையலோரம் கத்தியின் நுனியை வைத்துவிட்டு, திரும்ப எடுத்து மேசைமேல் போட்டேன். ஒரு தாளை அறுத்தவள் என்ற பெயரோடு என்னால் கடை திறக்க முடியாது. யாருக்கும் தெரியப்போவதில்லைதான். எனக்குத் தெரியுமே.

சனிக்கிழமை ஓரின் வந்தார். கையில் அந்தக் கண்ணாடித் தட்டு, பளபளவென்று. ஆர்லீனே காலையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாளாம். தெல்மாவிடம் போய்க் கேள் என்றாளாம். தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரில் இருந்த லெஸ்டரின் காலி நாற்காலியைப் பார்க்காமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பாத்திரமெல்லாம் வீடு திரும்பியாச்சு தெல்மா," என்றார். "நான் அவசரப்படல. இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லு."

"இருக்கு."

"குடுக்க மனசில்லையா?"

"படிக்க வேண்டாம்னு சொன்னா கேப்பீங்களா ஓரின்?"

"முப்பது வருஷம் படிக்காமத்தான இருந்தேன்," என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை உடைத்தது. சாவியை எடுத்தேன்.

அவர் கடைசிப் பக்கத்துக்குத்தான் நேராகப் போனார். விரலை வரிக்கு வரி நகர்த்திப் படித்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து, தேவையில்லாமல் காபி இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு சத்தம். திரும்பினால், ஓரின் தோள் குலுங்கச் சிரிக்கிறார்.

"பசுவேதான். அவ சொன்னது சரியாப்போச்சு."

"யாரு?"

"வில்மா. பால் பண்ணையில வளந்தவ இல்லையா. என் பாதிய அவளுக்குத்தான் முதல்ல படிச்சுக் காட்டினேன், கண்ணுல தண்ணியோட. அவ கையில மாவு, திரும்பிக்கூடப் பாக்கல. 'ஓரின், எந்தப் பொம்பளையும் புருஷனுக்காக வேலியோரம் இப்படி நிக்கமாட்டா, அவளுக்கு ஆயிரம் வேலை இருக்கு. இது மாடு'ன்னா. நான் ஒத்துக்கவே இல்ல. கடைசியில ஆஸ்பத்திரில கெடக்கறப்ப, 'என் கல்லுல அந்த மாட்டு வரியப் போடு, நல்ல வரி. நீ வந்தா தலையத் தூக்கிப் பாக்கறேன்'ன்னா. போட்டேன். வெளிய சொன்னா ஊரே சிரிக்கும்னு யாருகிட்டயும் மூச்சு விடல. அதுலயும் லெஸ்டருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான், சாகற வரைக்கும் என்னப் பாத்து மாடு மாதிரி கத்தியிருப்பான்."

அவர் மறுபடி தாளைப் பார்த்தார். விரல் வலது மூலைக்குப் போய், அந்த ஒற்றைச் சொல்லின் மேல் நின்றுவிட்டது. சிரிப்பு நின்றது.

"கல்லு நட்ட அன்னிக்கு அவன் வந்திருந்தான்," என்றார் மெதுவாக.

"ஆமா."

"படிச்சான்."

"ஆமா ஓரின்."

"அதனாலதான் டிராக்டர் கேட்டானா?"

நான் தலையாட்டினேன். ஆர்லீன் சொன்னதை எல்லாம் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, காலி நாற்காலியை அன்றைக்கு முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"அவனுக்கு இதோட முடிவு தெரியாது," என்றார். "கேட்டுக் கேட்டு அலுத்துட்டான். நான் சொல்லவே இல்ல. கல்லுல இருக்கற ரெண்டு வரிதான் அவனுக்குத் தெரியும். அதுக்கு மேல இன்னும் இருக்கு தெல்மா."

மறுநாள் சாயங்கால ஆராதனை முடிந்து, ஆர்லீனையும் சேர்த்து மூன்று பேரும் என் வண்டியில் குன்றுக்குப் போனோம். லெஸ்டருக்கு இன்னும் கல் வரவில்லை. மண் மேடும், நட்டுவைத்த ஒரு பெயரட்டையும்தான். வில்மாவின் கல் இரண்டு வரிசை தள்ளி. ஓரின் இரண்டு சட்டைப் பைகளிலிருந்தும் இரண்டு பாதிகளை எடுத்தார். ஆர்லீனும் நானும் ஆளுக்கொரு பக்கம் காற்றை மறைத்து நின்றோம்.

மெட்டு தெரியாததால் வெறுமனே படித்தார். முதலில் லெஸ்டரின் பாதி. டார்க்கஸ் தொப்பியைத் தின்ற இடத்தில் ஆர்லீன் சிரித்துவிட்டாள். அந்தப் பாட்டை லெஸ்டர் அவளுக்கு ஆயிரம் தடவை படித்துக்காட்டியிருக்க வேண்டும், அவள் உதடுகள் கூடவே அசைந்தன. கிழவனைப் புதைக்கிற இடம் வந்தது. ஓரின் அந்தப் பாதியை மூடி, தன் பாதியைத் திறந்தார். வேலியோரம் என்றார். அதோடு நிறுத்தினார். புத்தகத்தை ஆர்லீனிடம் நீட்டினார்.

ஆர்லீன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடைச்சரக்குப் பட்டியல் படிப்பதுபோலச் சாதாரணமாகப் படித்தாள். அவளுக்கும் அது புதிது. கல்லில் இருக்கிற இரண்டு வரியைத் தாண்டினாள். பக்கத்து வீட்டுக்காரன் வந்து சாப்பாடு வைக்கிறான், அவள் தொடவில்லை. பனி விழுகிறது, அவள் உள்ளே போகவில்லை. கடைசி இரண்டு வரி:

தாண்டிக் குதித்த வேலியெல்லாம் சாய்ந்து மண்ணில் கிடக்கிறது;
தாண்டவில்லை, வாசலிலே நிற்கின்றாள், கதவோ திறந்திருக்கு.

படித்து முடித்ததும் அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு குனிந்து, "கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள் மண் மேட்டைப் பார்த்து. இரண்டு பாதிகளையும் சேர்த்து உறையில் போட்டு ஓரினின் சட்டைப் பையில் அவளே வைத்தாள். அவர் தடுக்கவில்லை.

நானும் ஆர்லீனும் வந்து வண்டியில் ஏறினோம். ஓரின் வில்மாவிடம் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வருவார் என்று இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தேன். வந்தார், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, மெதுவாக. கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கதவை நாங்கள் வரும்போது திறந்தபடியே விட்டிருந்தோம். அதுவரை வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

ஹாரனில் கை வைக்கப்போனேன். ஆர்லீன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு. நிக்கட்டும்."

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கதவு விரியத் திறந்து கிடந்தது, ஓரின் ஒரு கையால் அதன் கம்பியைப் பிடித்தபடி உள்பக்கமே நின்றுகொண்டிருந்தார். சாலையில் யாரோ ஒருவர் நாயோடு நடந்து வந்தார். அந்தக் காலடிச் சத்தத்துக்கு ஓரின் தலைநிமிர்ந்து பார்த்தார்.